வாசகர் கேள்வி–பதில்: மனதை அளக்கும் வேலை

உளவியல் ஆய்வுமுறை பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. அனுப்பியவர்களில் பலர் இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர்கள். பதில்களும் அதனால் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன.

மனதை யாரும் கண்டதில்லை, தராசில் வைக்கவும் முடியாது. பிறகெப்படி உளவியலை விஞ்ஞானம் என்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், உப்புவெளி

மனதை நேரே அளப்பதாக எந்த உளவியலாளரும் சொல்வதில்லை, ஐயா. அளப்பது நடத்தையை: எடுத்த நேரம், விட்ட பிழை, தெரிவு செய்த விடை. உள்ளே என்ன நடந்திருக்கும் என்பது அதிலிருந்து வரும் ஊகம். அந்த ஊகத்தைத் தவிர வேறு விளக்கம் எதுவும் பொருந்தாதபடி ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு போவதுதான் ஆய்வுமுறை.

ஜேர்மனியரான ஹேர்மன் எபிங்ஹவுஸ் மறதியை அளந்த விதம் கணித ஆசிரியருக்குப் பிடிக்கும். அர்த்தமில்லாத அசைகள் ஏறத்தாழ 2300ஐ ஆக்கினார். அர்த்தமுள்ள சொல்லென்றால் பழைய பழக்கம் வந்து உதவிவிடும். அந்த வழியை முதலில் அடைத்தார். அசைப் பட்டியல் ஒன்றைப் பிழையின்றிச் சொல்லும்வரை படித்து, எடுத்த நேரத்தைக் குறித்தார். சில காலம் விட்டு அதே பட்டியலைத் திரும்பப் படித்து, இம்முறை எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்த்தார். ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து 58% மிச்சம், ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு, 31 நாள் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. 1885இல் இதை வெளியிட்டார். நினைவு கண்ணில் படவேயில்லை, ஆனால் அதன் தேய்வை எண்ணில் எழுதிவிட்டார். பங்குபற்றியவர் அவர் ஒருவரே என்பது பெரிய குறை. 2015இல் ஆம்ஸ்டர்டாமில் அதே முறையைத் திரும்பச் செய்தபோது ஏறக்குறைய அதே வளைகோடு வந்தது. அங்கும் பங்குபற்றியவர் ஒருவரே.

வீட்டில் செய்து பார்க்க இன்னொன்று. நான்கு நிறப் பேனையால் 40 சிறு கட்டங்களை நிறம் தீட்டுங்கள். இன்னொரு தாளில் 40 நிறப் பெயர்களை மாற்று நிறத்தில் எழுதுங்கள், ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் என்பதுபோல. ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. இரண்டு தாளிலும் மையின் நிறத்தை மட்டும் உரத்துச் சொல்லவேண்டும். 1935இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் 100 கட்டங்களுடன் செய்தபோது சராசரி 63 செக்கன், முரண்பட்ட சொற்களுக்கு 110 செக்கன். வாசிப்பு நம்மைக் கேளாமலே நடக்கிறது என்பதற்கு அந்த 47 செக்கன் சாட்சி. பத்துப் பேரிடம் செய்தால் ஐந்து பேருக்குக் கட்டத் தாளையும் ஐந்து பேருக்குச் சொல் தாளையும் முதலில் கொடுங்கள். இல்லாவிட்டால் களைப்பும் பழக்கமும் கணக்கில் கலந்துவிடும்.

மேசையில் போன் இருந்தாலே கவனம் குறையுமா என்று ஆய்வு செய்யப் போகிறேன். மேற்பார்வையாளர் பரிசோதனையாகச் செய்யச் சொல்கிறார். எங்கே தொடங்குவது?
– வளாக மாணவி, கோணேசபுரி

நல்ல கேள்வி, இன்னும் தீராத கேள்வியும்கூட. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் போனை மேசையிலும், பையிலும், அடுத்த அறையிலும் வைத்த மூன்று குழுக்களை ஒப்பிட்டார்கள். அடுத்த அறையில் வைத்தவர்கள் மேசையில் வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பிறகு திரும்பச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே பெறுபேறு வரவில்லை.

முதல் வேலை, ‘கவனம்’ என்ற சொல்லை அளக்கக்கூடிய ஒன்றாக மாற்றுவது. இலக்கங்களைக் கேட்டுப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும் தேர்வு கைச்செலவில்லாதது. செக்கனுக்கு ஓர் இலக்கம் என்ற வேகத்தில், குரல் ஏற்ற இறக்கமின்றி வாசிக்கவேண்டும். இரண்டு இலக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு முயற்சி. இரண்டிலும் பிழைத்தால் நிறுத்திவிடலாம். சரியாகச் சொன்ன முயற்சிகளின் எண்ணிக்கைதான் நீங்கள் அளக்கும் சார்ந்த மாறி, போன் வைத்திருக்கும் இடம் நீங்கள் மாற்றும் சாரா மாறி. வரிசைகளை எழுதும்போது 077, 071 என்று தொடங்கவிடாதீர்கள். கேட்பவர் அதைப் போன் நம்பராகக் கட்டி வைத்துக்கொள்வார், நீங்கள் அளப்பது வேறொன்றாகிவிடும்.

எத்தனை பேர்? நடுத்தர அளவு வித்தியாசம் ஒன்று உண்மையிலேயே இருந்து, அதை 80% வாய்ப்புடன் பிடிக்க, 0.05 மட்டத்தில் (இல்லாத வித்தியாசத்தை உண்டென்று சொல்லிவிடும் வாய்ப்பு 5%) குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் வேண்டும். ஆளுக்கு 15 நிமிடமென்றால் 32 மணித்தியாலம். இது முடியாதென்றால் ஒரே ஆளை இரண்டு நிலையிலும் சோதிக்கலாம். 34 பேர் போதும். ஆனால் இரண்டாம் முறை எல்லோரும் கொஞ்சம் தேர்ந்திருப்பார்கள். அதனால் 17 பேர் போனுடனும் 17 பேர் போனில்லாமலும் தொடங்கவேண்டும், ஒரே கடினமுள்ள இரண்டு வெவ்வேறு இலக்கப் பட்டியல் வேண்டும். குழுவுக்கு 20 பேரை வைத்துச் செய்துவிட்டு ‘வித்தியாசமில்லை’ என்று எழுதும் கட்டுரைகள்தான் அதிகம் வருகின்றன. அந்த 20 பேரால் அப்படிச் சொல்லவே முடியாது. கண்டுபிடிக்கும் வலு அந்த ஆய்வுக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

குழு பிரிப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். முதலில் வந்த 64 பேர் ஓர் அணி, பிந்தி வந்தவர்கள் மற்ற அணி என்றால், நேரத்துக்கு வருகிற சுபாவமே இரண்டு அணிக்கும் வேறாகிவிடும். 64 துண்டில் ‘அ’, 64 துண்டில் ‘ஆ’ என்று எழுதி, ஒளி ஊடுருவாத உறைகளில் ஒட்டி, குலுக்கி, ஆள் வந்து உட்கார்ந்த பிறகு ஒன்றைத் திறவுங்கள். ஓர் அணியைக் காலையிலும் மற்றதைப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் வைக்காதீர்கள். கச்சான் அடிக்கும் ஆனி ஆடியில் மத்தியான மண்டபத்தில் யாருக்குத்தான் கவனம் நிற்கும்? ஒவ்வொரு வேளையிலும் இரண்டு அணியினரும் கலந்து வரவேண்டும். மின்வெட்டு வந்தால் அந்த நேரத்தைப் பதிவில் குறியுங்கள்.

போன் இரண்டு நிலையிலும் சத்தமும் அதிர்வும் இல்லாமல் இருக்கவேண்டும். அல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது மணி அடிப்பதன் விளைவை. ‘போனைப் பற்றிய ஆய்வு’ என்று முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. பங்குபற்றுபவர்கள் ஆய்வாளர் எதிர்பார்ப்பதை ஊகித்து அதற்கேற்ப நடப்பார்கள் என்று மார்ட்டின் ஓர்ன் 1962லேயே எழுதிவிட்டார். எல்லோரிடமும் ‘உடைமைகளை நாங்கள் காட்டும் இடத்தில் வையுங்கள்’ என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். முடிந்ததும் ‘இது எதைப் பற்றிய ஆய்வென்று நினைத்தீர்கள்?’ என்று கேட்டு, பதிலைக் குறித்து, பிறகு உண்மையை விளக்குங்கள்.

புள்ளியிடுபவருக்கு எந்த ஆள் எந்த அணி என்று தெரியாதிருப்பது நல்லது. பெர்லினில் கூட்டல் கழித்தல் செய்வதாகப் பேர்பெற்ற ‘கெட்டிக்கார ஹான்ஸ்’ என்ற குதிரை, கேட்பவருக்கு விடை தெரியாதபோது தோற்றது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் மெல்ல அசைந்ததைத்தான் குதிரை பார்த்துக்கொண்டிருந்தது. ஒஸ்கார் ஃபுங்ஸ்ற் 1907இல் இதை வெளிப்படுத்தினார். குதிரைக்கே அவ்வளவு தெரிந்தால் வளாக மாணவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ரியூசன் மணித்தியாலம் கூடக்கூடப் பிள்ளைகளின் மன அழுத்தமும் கூடுவதாக ஓர் ஆய்வு பற்றி வாசித்தேன். இணைபுக் குணகம் (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) 0.3. மகனின் ரியூசனை நிறுத்திவிடலாமா?
– தாய், மூதூர்

அந்த எண்ணை மட்டும் வைத்து நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே பயந்த பிள்ளையைத்தான் பெற்றோர் கூடுதல் வகுப்புக்கு அனுப்புகிறார்களோ? அல்லது சாதாரண தரப் பரீட்சை நெருங்குவதால் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றனவோ? ஒரே நாளில் ஒரே வினாக்கொத்தில் இரண்டையும் கேட்ட ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை அளந்திருந்தால் எது முந்தியது என்றாவது தெரிந்திருக்கும். தவிர, 0.3ஐ வர்க்கித்தால் 0.09. அழுத்தத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் 9%தான் ரியூசன் நேரத்தோடு சேர்ந்து போகிறது. மகன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பதை முதலில் பாருங்கள்.

கூகுள் படிவத்தை வட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். 212 பேர் நிரப்பினார்கள். ‘திருகோணமலை மாவட்ட மக்களின் மனநலம்’ என்று தலைப்பிடலாமா?
– சமூகசேவை உத்தியோகத்தர், தம்பலகாமம்

கூடாது. அது உங்கள் வட்ஸ்அப் குழுக்களின் மனநலம். டேட்டா இல்லாதவர், எழுத வாசிக்கச் சிரமப்படுபவர், இரவுத் தொழிலுக்குப் போய் விடிய வந்து படுக்கும் கடற்றொழிலாளி, மூன்று பிள்ளையோடு மல்லாடும் தாய், யாரும் அதில் இல்லை. சோர்ந்து படுத்திருப்பவர் படிவம் நிரப்பமாட்டார். நீங்கள் அளக்க விரும்பிய ஆளே தப்பிவிடுகிறார்.

‘சனத்தொகையில் 10% எடுக்கவேண்டும்’ என்று ஒரு நம்பிக்கை இங்கே பலமாக வேரூன்றியிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பெரிய சனத்தொகையில் ஒரு வீதத்தை ±5% துல்லியத்துடன், 95% நம்பிக்கையில் சொல்ல 384 பேர் போதும். மாவட்டமானாலும் நாடானாலும் அதே எண்தான். ஆனால் இது தனித்தனி ஆளாக எழுமாறாக எடுத்தால் மட்டுமே. கிராமம் கிராமமாக எடுக்கும்போது அயலவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் அதை 1.5 முதல் 2 மடங்காக்கவேண்டும். 600 முதல் 750 பேர் என்று திட்டமிடுங்கள்.

மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். ஒவ்வொன்றின் சனத்தொகை விகிதப்படி எண்ணிக்கையைப் பங்கிட்டு, உள்ளே கிராம அலுவலர் பிரிவுகளை எழுமாறாக எடுங்கள். பிரிவுக்குள் வீட்டுப் பட்டியலிலிருந்து வீடு. வீட்டில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அந்த வயது வந்தவரைக் கேளுங்கள். கதவைத் திறந்தவரையே பிடித்தால் பகலில் வீட்டிலிருப்பவர்கள் மட்டுமே சேருவார்கள். ஆளில்லையென்றால் பக்கத்து வீட்டுக்குத் தாவாமல், வேறு நாள் வேறு நேரத்தில் இன்னும் இரண்டு முறை போங்கள். மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அறிக்கையில் எழுதவேண்டும்.

இடத்துக்கு இடம் எவ்வளவு மாறும் என்பதற்கு இலங்கைச் சான்றே உண்டு. சுனாமி வந்து மூன்று நான்கு கிழமைகளில் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய இடங்களில் 264 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள், 2006இல் வெளிவந்தது. பேரிடருக்குப் பின்னான மன வடுவின் அறிகுறிகள் ஓரிடத்தில் 14%, இன்னோரிடத்தில் 39%. மூன்றையும் ஒரே சராசரியாக்கி ‘இலங்கைப் பிள்ளைகள்’ என்று எழுதினால் அந்த எண் எந்த ஊருக்கும் பொருந்தாது.

ஆங்கில மனச்சோர்வு வினாக்கொத்தைத் தமிழாக்கிப் பயன்படுத்த என்ன செய்யவேண்டும்?
– தாதிய மாணவி, கிண்ணியா

முதலில் ஏற்கெனவே தமிழில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் தமிழ்நாட்டுப் பெயர்ப்பா, இலங்கைப் பெயர்ப்பா என்று பாருங்கள்.

இல்லையென்றால் வழமையான படிகள் இவை. இரண்டு பேர் தனித்தனியே தமிழாக்கி, உட்கார்ந்து ஒன்றாக்குவார்கள். மூலத்தைப் பார்த்திராத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். விலகுகிற இடங்களைக் குழுவாகத் திருத்துவீர்கள். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான கோளாறுகள் தெரியவருவது அடுத்த படியில்தான்: ஏழெட்டுப் பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்ததும் ‘இது என்ன கேட்கிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்’ என்று கேட்பது. கவலையைப் பற்றிய கேள்விக்குப் புத்தகச் சொல்லைப் போட்டால் படித்தவர்களுக்கு விளங்கும். ‘ஒரே யோசனையாக இருக்கா?’ என்றால்தான் நம் பக்கத்து அம்மாமாருக்கு விளங்கும். ‘தூக்கம் வராமல் இருப்பதில்லை’ போன்ற இரட்டை எதிர்மறை வேண்டாம். ‘பசியும் தூக்கமும் குறைந்ததா?’ என்றால் ஒன்று குறைந்து மற்றது குறையாதவர் என்ன சொல்லுவார்?

பிறகு 30 பேரளவில் முன்னோட்டம். கேள்விகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்பதைக் குரொன்பாக் அல்பா காட்டும், 0.7க்குக் குறைந்தால் எந்தக் கேள்வி இழுக்கிறது என்று பாருங்கள். இரண்டு கிழமை கழித்து அதே ஆட்களுக்கே கொடுத்தால் நம்பகம் தெரியும். தகுதி, அதாவது அளக்கவேண்டியதைத்தான் அளக்கிறதா என்பது, வேறு விடயம்: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடை தரும் கருவிகூடத் தவறானதை அளக்கலாம். மனநல வைத்தியர் நேரில் பார்த்து எடுத்த முடிவோடு ஒப்பிடாமல் வெட்டுப்புள்ளியை (எத்தனை புள்ளியிலிருந்து மனச்சோர்வு என்று எடுப்பது என்ற எல்லையை) இங்கே கொண்டுவர முடியாது. பரவலாகப் பயன்படும் ஒன்பது கேள்விப் பட்டியலில் 27க்கு 10 என்பது மூல ஆய்வில் கண்ட புள்ளி; நம் ஊருக்கு அது கூடவோ குறையவோ இருக்கலாம்.

அதே பட்டியலின் ஒன்பதாவது கேள்வி சாவையும் தற்காயத்தையும் பற்றியது. அதில் பூச்சியத்துக்கு மேல் யாராவது குறித்தால் அன்றே ஆளோடு கதைத்து, மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கோ தொடர்பு ஏற்படுத்தவேண்டும். தாள்களைக் கட்டி வைத்து மாதம் கழித்து எண்ணிப் பார்ப்பதென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

மொழிபெயர்ப்புக்கு மாற்று வழியும் உண்டு. உளசமூக நிலையை அளக்க காயத்ரி பெர்னாண்டோ 2008இல் வெளியிட்ட இலங்கை அளவுகோல், இந்நாட்டு மக்கள் தம் துன்பத்தைச் சொன்ன விதத்திலிருந்தே கட்டப்பட்டது. உழைப்பு அதிகம். என் அபிப்பிராயத்தில் ஒரு பட்டப்படிப்பு ஆய்வுக்கு இது தாங்காது, முதுமாணிக்குத் தாங்கும்.

சுனாமியில் உறவுகளை இழந்தவர்களை நேர்காண விரும்புகிறேன். எத்தனை பேர், எப்படி?
– முதுமாணி மாணவர், குச்சவெளி

பல்கலைக்கழக ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி கையில் வரும்வரை ஒருவரிடமும் போகாதீர்கள். சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். எந்தக் கேள்வியையும் தவிர்க்கலாம், எப்போதும் எழுந்து போகலாம் என்பது அதில் இருக்கவேண்டும். கரையோரக் கிராமங்களில் பெயர் எழுத வந்தவர்கள் எல்லோரும் ஏதோ உதவிக்கு வந்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள். ‘இதனால் வீடோ நிவாரணமோ எதுவும் வராது’ என்று நேரே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உதவிக்கேற்ற கதைதான் கிடைக்கும், பிறகு ஏமாற்றமும்.

ஆறு முதல் எட்டுக் கேள்விகள் போதும். அன்றாடத்தில் தொடங்குங்கள்: தொழில், பிள்ளைகள், ஒரு நாள் எப்படிப் போகிறது. அலை வந்த நாளைப் பற்றி அவர் தொடங்கினால் கேளுங்கள், நீங்கள் தோண்டாதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்வி குற்றம் சாட்டுவதுபோல் விழும்; ‘அப்போது என்ன நடந்தது?’ நல்லது. மௌனம் வந்தால் பேச்சால் நிரப்பாமல் பத்து செக்கன் பொறுங்கள். அயலவர் சூழ்ந்து நின்று தேநீரோடு திருத்தம் சொல்லும் இடத்தில் நேர்காணல் நடக்காது. தனியிடமும் 45 முதல் 60 நிமிடமும் கேட்டுப் பெறுங்கள். அழத் தொடங்கினால் ஒலிப்பதிவை நிறுத்தி, தொடரலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி நாளையைப் பற்றியதாக இருக்கட்டும். இழப்பின் நடுவில் விட்டுவிட்டு எழும்பி வரக்கூடாது.

எண்ணிக்கையைக் கருத்துகள்தான் தீர்மானிக்கும். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 நேர்காணல்களை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் முக்கிய கருத்துகள் முதல் 12க்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் அது ஒரே மாதிரியான ஆட்களிடம், ஒரே கேள்விகளுடன். தாயாரையும் மீனவரையும் அன்று பிள்ளையாக இருந்தவரையும் ஒப்பிடுவதென்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் அவ்வளவு தேவைப்படலாம். ஒரு மணி ஒலிப்பதிவை எழுத நான்கு முதல் எட்டு மணித்தியாலம் பிடிக்கும். நேர அட்டவணை போடும்போது எல்லோரும் மறக்கிற கணக்கு இது. தமிழிலேயே எழுதி, தமிழிலேயே குறியீடிடுங்கள், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் அதன் கருத்தைப் பெயராக இடுங்கள். முதலில் ஆங்கிலமாக்கினால் ‘நெஞ்சு அடைச்சுக்கொண்டு வரும்’ என்பது வெறும் ‘கவலை’யாகச் சுருங்கிவிடும். ஊரின் பெயர், படகின் பெயர், பிள்ளையின் படிப்பு மூன்றும் சேர்ந்தாலே ஆளை ஊருக்குத் தெரிந்துவிடும். பெயரை மட்டும் மறைத்தால் போதாது.

மில்கிராமின் மின்னதிர்ச்சிப் பரிசோதனையை இன்று செய்யலாமா? – உயர்தர மாணவர், திருகோணமலை நகர்

முழுதாக முடியாது. அதிகாரத்துக்கு மனிதர் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார் என்று பார்க்க, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சியைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்கச் சொன்ன பரிசோதனை அது. 1963இல் வெளியான அந்த முதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ற்றுவரை போனார்கள். அதிர்ச்சி போலி, ஆனால் அவர்கள் பட்ட வேதனை போலியல்ல. 2009இல் உளவியலாளர் ஜெரி பேர்கர் அதை 150 வோல்ற்றுடன் நிறுத்தி, பாதிக்கப்படக்கூடியவர்களை முன்பே வடிகட்டி, முடிந்த உடனேயே உண்மையைச் சொல்லிச் செய்தார். 70% பேர் அந்த எல்லையைத் தாண்டத் தயாராக இருந்தார்கள். இதற்குமேல் போகாமலே கேள்விக்கு விடை கிடைக்கிறது என்பதுதான் அவருடைய வாதம்.

முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கலாமா? – நிலாவெளி வாசகர்

நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006இல் பார்த்தபோது சராசரி வெற்றி 54%. காசைச் சுண்டினால் 50%.

உளவியல் ஆய்வுகள் பாதிக்கு மேல் பொய் என்கிறார்களே?
– வங்கி ஊழியர், கந்தளாய்

நீங்கள் குறிப்பிடுவது 2015ஆம் ஆண்டுப் பெருமுயற்சியாக இருக்கவேண்டும். 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97% புள்ளிவிபர ரீதியாகத் தேறியவை, அதாவது வெறும் தற்செயலென்று தள்ள முடியாதவை. திரும்பச் செய்தபோது தேறியவை 36%. மீதி எல்லாம் பொய்யென்று அர்த்தமில்லை. சிலவற்றில் விளைவு உண்டு, ஆனால் சொன்னதைவிடச் சிறியது.

பெரும்பாலும் காரணம் கள்ளமல்ல, கணக்கு. உண்மையில் விளைவே இல்லாதபோதும் 0.05 மட்டத்தில் ஒரு சோதனை தவறாகத் தேற 5% வாய்ப்பு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத அப்படியான 20 சோதனைகளைச் செய்தால் ஒன்றாவது தவறாகத் தேற 64% வாய்ப்பு. ஆண்–பெண், வயது, ஊர், மதம் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து, தேறிய ஒன்றை மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு மற்ற 19 தெரியாது. அதனால்தான் இப்போது கருதுகோளையும், ஆட்தொகையையும், எந்தச் சோதனை என்பதையும் தரவு சேர்க்குமுன்பே திகதியிட்டுப் பொதுவில் பதிகிறார்கள். தன் பிழையை இப்படி எண்ணி வெளியிட்ட துறைமீது எனக்கு நம்பிக்கை கூடித்தான் இருக்கிறது. கவனிக்கவேண்டியது வேறொன்று: அந்த 100 ஆய்வுகளும் பெரும்பாலும் மேற்குலக மாணவர்களைக் கொண்டவை. திரும்பச் செய்து தேறினாலும் கந்தளாய் விவசாயிக்குப் பொருந்துமா என்பதை இங்கேதான் பார்க்கவேண்டும்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளை வாங்கக் காசில்லை. வேறென்ன வழி? – வளாக மாணவர், கோணேசபுரி

ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம். பட்டப்படிப்பு ஆய்வுக்குத் தேவையான எல்லாச் சோதனையும் அவற்றில் உண்டு. ஆளுக்கு ஒரு வரி, மாறிக்கு ஒரு நிரல். விடை இல்லாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பூச்சியம் போட்டால் சராசரி சரிந்துவிடும். சேகரித்த கோப்பின் மூலப்பிரதியைத் தொடாமல் வைத்து, திருத்தங்களைப் பிரதியில் செய்யுங்கள். தமிழ் விடைகளைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தெரிவு செய்யாவிட்டால் திறக்கும்போது கேள்விக்குறிகளாக நிற்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த நேர்காணல்கள் இருந்தால் குறியீடிடுமுன் யுனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் கணினி இல்லையென்றே சொல்லும்.